முதற்பொருள் திரிந்தால்: ஜொகூர் நீரிணை மக்களின் உணவு வரலாறு

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், உணவைக் கருப்பொருள்களுள் ஒன்று என்றும் வகுத்தது தொல்காப்பியம். முதற்பொருள் திரிந்தால் உணவு என்னவாகும்? விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஜொகூர் நீரிணையின் பூர்வகுடிகளாகிய ஓராங் செலேத்தார் மக்களின் வரலாறே போதும்.

இவர்கள் நீரிணையின் இரு கரைகளிலும் படகையே வீடாகக் கொண்டு வாழ்ந்தவர்கள். 1847இல் தாம்சன் என்னும் நில அளவையாளர் இவர்களைப் பற்றி எழுதியபோது, ஏறத்தாழ 40 படகுகளில் 200 பேர் இருந்தனர். மீன், நண்டு, சிப்பி ஆகியவற்றோடு, நாய்களின் துணையால் வேட்டையாடிய காட்டுப்பன்றியும் இவர்களுக்கு உணவாயிற்று. ஓரிடத்தில் உணவு குறைந்தால் படகை வேறிடம் செலுத்தினர். இடம்பெயர்தலே இவர்கள் அறிந்த தற்காப்பு.

அவ்வழி படிப்படியாக அடைபட்டது. 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலம் நீரிணையை இரண்டாகப் பிரித்தது. 1965இல் சிங்கப்பூர் தனிநாடானபின், நாட்டெல்லையும் குறுக்கே நின்றது. படகு வாழ்க்கை கரையோரச் சிற்றூர் வாழ்க்கையாக மாறியது. 2006இல் இஸ்கண்டார் வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின், ஜொகூர் பாருவின் கரையோரமும் பெரிதும் உருமாறியது.

இந்நிலையில் செலேத்தார் குடும்பங்கள் சில, ‘குப்பாங்’ எனப்படும் பச்சைச் சிப்பியை வளர்க்கத் தொடங்கின. மிதவைகளிலிருந்து கயிறுகளை நீருக்குள் தொங்கவிட்டால், சிப்பிக் குஞ்சுகள் அவற்றைப் பற்றிக்கொண்டு வளரும். தேடிச் சென்று உண்டதை, இருந்த இடத்திலேயே வளர்த்து உண்ணவும் விற்கவும் கற்றனர். மரபு அழியவில்லை, வடிவம் மாறிற்று.

ஆயினும் காலநிலை மாற்றம் புதிய இடரைக் கொணர்கிறது. பெருமழையால் ஆற்றுநீர் பெருகினால் கடல்நீரின் உப்புத்தன்மை குறையும். கடும் வெயில் நீடித்தால் நீர் சூடேறும். இரண்டுமே சிப்பிக்குக் கேடு. கயிற்றைப் பற்றிய சிப்பியால் நண்டைப்போல் விலகிச் செல்லவும் இயலாது. கடல்மட்டம் உயரும்போது, நண்டுக்கும் மீனுக்கும் தாய்மடியான அலையாத்திக் காடு நிலத்தை நோக்கி நகர வேண்டும். அங்கே சாலையும் கட்டடமும் நின்றால் அது எங்கே செல்லும்? அன்று படகுக்கு நேர்ந்தது இன்று காட்டுக்கு நேர்கிறது.

மாறும் காலத்திற்கேற்ப வாழும் அறிவு பூர்வகுடிகளிடம் உண்டு. அவ்வறிவு செயற்பட இடம் வேண்டும். 2003இல் சுங்கை பூலாய், தஞ்சோங் பியாய், குக்குப் தீவு ஆகிய ஜொகூரின் ஈரநிலங்கள் அனைத்துலக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. அத்தகைய காடுகள் நிலைத்தால்தான் அம்மக்களின் அடுப்பும் எரியும்.

நெய்தல் திணையைக் கற்பிக்கும் ஆசிரியர்களும், விடுமுறையில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரும் இந்த நீரிணையைச் சுட்டிக்காட்டலாம். முதற்பொருளும் கருப்பொருளும் தேர்வுக்கு மட்டும் உரியவை அல்ல என்பது பிள்ளைகளுக்கு விளங்கும்.