ஐந்து அசைகளில் ஓர் அளவுகோல்

மறதிநோயையும் அறிதிறன் குறைவையும் சில நிமிடங்களில் இனங்காண்பதற்காக 1975ஆம் ஆண்டில் ஃபோல்ஸ்டீன் இணையரும் மெக்ஹியூவும் அமெரிக்காவில் வெளியிட்ட 30 மதிப்பெண் சோதனை, உலகெங்கும் பரவியபோதும் ஆங்கிலத்தின் பிடியிலிருந்து விடுபடவில்லை. 'வேர்ல்டு' என்னும் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து தலைகீழாகச் சொல்லுமாறு அது பணித்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் வழக்கமில்லாத சீன எழுத்துமுறையில் அப்பணிக்கு இடமே இல்லை.

1994இல் ஹாங்காங்கில் வெளிவந்த கன்டோனீஸ் வடிவம், இவ்வினாவுக்கு ஈடாக 4, 2, 7, 3, 1 என்னும் எண்களைப் பின்னிருந்து சொல்லச் செய்தது. நோயாளி இருக்கும் பகுதியைக் கேட்கும்போது கவுலூன், நியூ டெரிட்டரீஸ், ஹாங்காங் தீவு என்று உள்ளூர் நிலப்பிரிவுகளையே பயன்படுத்தியது. இணைப்புச் சொற்களை அடுக்கிய ஆங்கிலத் தொடரைத் திருப்பிச் சொல்லும் பகுதிக்கு, 'யீ ஜ்யோங் மாய் யூ ச்யோங்' என்னும் ஐந்தசைத் தொடர் அமைந்தது. தாயின் சகோதரியுடைய கணவர் மீன்குடல் வாங்குகிறார் என்பது அதன் பொருள். முதல் அசையும் நான்காம் அசையும், இரண்டாம் அசையும் ஐந்தாம் அசையும் ஒலியில் நெருங்கி நிற்பதால், கேட்டதைப் பிசகாமல் சொல்லும் திறனை இவ்வெளிய வீட்டுப் பேச்சே சோதித்துவிடுகிறது.

கனடாவின் மான்ட்ரியலில் உருவாகி 2005இல் வெளியான மற்றொரு சோதனையில் 26க்குக் குறைந்த மதிப்பெண் குறைபாட்டின் அறிகுறியாகக் கொள்ளப்பட்டது. ஆனால் மூளையின் நுண்குழாய் நோயுற்றோரிடம் 2009இல் ஆராயப்பட்ட ஹாங்காங் வடிவத்தில் அவ்வெல்லை 21க்கும் 22க்கும் இடையே அமைந்தது. பள்ளிப் படிப்பு குறைந்த முதியோர் மிகுந்த சமூகத்தில் அயல்நாட்டு எல்லையை அப்படியே ஏற்பது, கல்வியின்மையை நோயென்று பதிவதற்கு ஒப்பாகும்.

பக்கவாதம் மற்றுமொரு சிக்கலை முன்வைத்தது. மூளைத் தாக்குதலால் பேச்சை இழந்தவர், விடை தெரிந்தும் சொல்ல முடியாமல் மதிப்பெண் இழக்கிறார். கண்பார்வை நலமாயிருந்தும் ஒரு பக்கத்தைக் கவனிக்கத் தவறும் 'ஒருபக்கப் புறக்கணிப்பு' உடையவர், தாளின் பாதியைக் காணாமலே விடுகிறார். இவர்களுக்கெனவே 2015இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு சோதனை, பேசாமல் சுட்டிக்காட்டியும் விடையளிக்க வழிசெய்தது. அதில் 150 இதய வடிவங்களிடையே உடைவற்ற 50ஐ மட்டும் அடித்துக் காட்ட வேண்டும். எஞ்சியவை இடப்புறமோ வலப்புறமோ திறந்திருப்பதால், புறக்கணிப்பின் தன்மையே தாளில் தெரிந்துவிடும். 2016இல் இதற்கும் ஹாங்காங் வடிவம் வந்தது.

இதய வடிவத்திற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. மீன்குடல் தொடரையோ கன்டோனீஸ் பேசுவோரின் வீட்டுக்குள்ளிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. எதை அப்படியே கொள்வது, எதைப் புதிதாக ஆக்குவது என்னும் இத்தெளிவே, நோயாளி இழந்ததையும் அவருக்கு வாய்க்காததையும் பிரித்தறியும் நேர்மையைச் சோதனைக்கு அளித்தது.