பென்னிக் குழலும் பெருவிலைக் குழலும்

ஆறு துளைகள் கொண்ட ஒரு சிறு குழலுக்குப் பல நூறு டாலர் கொடுப்பது தகுமா? அயர்லாந்து நாட்டு இசையில் மனத்தைப் பறிகொடுத்து அதன் தகரக் குழலைப் பயிலத் தொடங்கிய எவரும் ஒருநாள் இக்கேள்வியின் முன் நின்றே ஆகவேண்டும். நாமும் நின்றோம். நம்மிடம் இருப்பது தொழிற்சாலையில் செய்த மலிவான குழல். மேல்ஸ்தாயிச் சுரங்கள் நம் வாயில் கீச்சிட்டன. கைவினைஞர் செய்த உயர்ந்த குழல் ஒன்றிருந்தால் இக்குறை நீங்கிவிடும் என்று மனம் வாதாடியது. விடை தேடி இக்கருவியின் வரலாற்றைப் புரட்டினோம்.

அயர்லாந்தில் ஊதுகுழல் மிகப் பழமையானது. டப்ளின் நகரின் ஹை ஸ்ட்ரீட் பகுதியில் அகழ்ந்தபோது 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எலும்புக் குழல்கள் கிடைத்தன. எனினும் இன்றைய தகரக் குழல் பிறந்தது இங்கிலாந்தில். சபோக் மாவட்டத்துக் கோனி வெஸ்டன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ராபர்ட் கிளார்க் என்ற பண்ணைத் தொழிலாளி, 1843-ஆம் ஆண்டில் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டைச் சுருட்டி, வாய்ப்புறத்தில் ஒரு மரத்துண்டைச் செருகிக் குழல் செய்தார். பின்னர்த் தம் கருவிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் குழல் விற்றவாறே மான்செஸ்டருக்கு நடந்தார் என்று சொல்லப்படுகிறது. அதன் மலிவே அதற்குப் ‘பென்னிக் குழல்’ என்னும் பெயரைத் தந்தது. வயலினோ பைக்குழலோ வாங்க இயலாத ஏழையின் கையிலும் அது இசையைக் கொண்டு சேர்த்தது.

கிளேர் மாவட்டத்து டூலின் ஊரில் பிறந்த மிக்கோ ரசல் (1915–1994) ஓர் எளிய விவசாயி. அவர் 1973-ஆம் ஆண்டு அனைத்து அயர்லாந்துப் போட்டியில் தகரக் குழலுக்கான பரிசை வென்றார். எளிய கருவி பெருங்கலைக்குத் தடையன்று என்பதற்கு இவரினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அப்படியானால் விலையுயர்ந்த குழல் வெறும் ஆடம்பரமா? அவசரப்பட்டு அவ்வாறு தீர்ப்பிடலாகாது. பின்பர் பியூரி என்னும் கலைஞர் உயிரென மதித்த இந்திய மூங்கில் குழல் ஒன்று உடைந்துபோயிற்று. அதைச் செப்பனிட வேண்டி, இங்கிலாந்தின் ரக்பி நகரில் இருந்த பெர்னார்டு ஓவர்ட்டனை நாடினார். செப்பனிட இயலாது எனக் கண்ட ஓவர்ட்டன், 1971-ஆம் ஆண்டில் அதற்கு ஈடாக அலுமினியத்தில் ஒரு குழலைச் செய்தளித்தார். தாழ்ந்த சுருதி கொண்ட ‘லோ விசில்’ இன்றைய வடிவில் தோன்றியது இவ்வாறுதான். ஓவர்ட்டனிடம் கற்ற காலின் கோல்டி அக்கலையை ஜெர்மனியில் தொடர்ந்தார். அமெரிக்காவில் கிறிஸ் ஏபெல் ஆப்பிரிக்கக் கருமரத்தைக் கடைந்து குழல் செய்தார். காற்று செல்லும் வழியின் உயரம், காற்றைப் பிளக்கும் விளிம்பின் கூர்மை, ஒவ்வொரு துளையின் அளவு ஆகியவற்றை இத்தகையோர் கையால் சீர்செய்து, ஊதிப் பார்த்து, மீண்டும் திருத்துகின்றனர். நாம் தரும் விலை அந்த உழைப்புக்கும் செவிக்கும் உரிய கூலி. உலோகத்தின் விலை அதில் சிறு பங்கே.

இனி நம் தீர்ப்பு. மேல்ஸ்தாயிக்குத் தனித் துளை இல்லை. மூச்சைச் சற்றே அழுத்தினால்தான் அது பிறக்கும். ஆகவே குறை குழலிலா, மூச்சிலா என்று அறிய எண்ணி, நம்மினும் தேர்ந்த ஒருவரிடம் நம் குழலைக் கொடுத்தோம். அவர் ஊதினார். நம்மிடம் கீச்சிட்ட அதே சுரங்கள் அவரிடம் தெளிவாகப் பாடின. முதலில் வெட்கமுற்றோம், பின்னர்த் தெளிவு பெற்றோம். பிளாஸ்டிக் தலையின் உட்குழிவைச் சிறிது மெழுகால் நிரப்பினால் ஒலி நிலைபெறும் என்றும் அவர் சொல்லிக்கொடுத்தார்.

பியூரிக்கு ஒரு தேவை எழுந்தது. அத்தேவை ஒரு புதிய கருவியை ஈன்றது. நமக்கு எழுந்ததோ ஆசை. அது தேவையின் ஆடையை உடுத்து வந்தது. நம் கை இக்குழலின் எல்லையை எட்டும் நாளில், கைவினைஞருக்கு உரிய விலையை மனமுவந்து கொடுப்போம். அதுவரை விலைகொடுத்து வாங்க இயலாத ஒன்றே நமக்குத் தேவைப்படுகிறது. அதன் பெயர் பயிற்சி.