புனைகதை வகுப்பில் எடுத்துரைப்பும் மறுப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

நாவலும் சிறுகதையும் பாடமாகும் கல்லூரி வகுப்புகளில் மாணவரே ஒரு படைப்பைப் பற்றி எடுத்துரைப்பதும், அதனையொட்டிக் கலந்துரையாடுவதும் இன்று வழக்கமாகிவிட்டன. மாணவர் மையக் கற்றல் என்னும் பெயரோடு இம்முறை நம்மிடம் வந்தமையால், இதனை மேலைக் கல்வியியல் அண்மையில் கண்ட புதுமையாகக் கருதுவோர் உளர். இதன் வரலாறோ மிக நெடியது. அவ்வரலாற்றில் இன்றியமையாததாக இருந்த ஓர் உறுப்பு நம் வகுப்புகளில் பெரும்பாலும் இல்லை என்பதை இங்கு எடுத்துக்காட்ட விழைகிறோம்.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் இதற்கு ஒரு கணக்கையே வகுத்துள்ளது. ஆசிரியர் உரைத்ததை முழுதும் உள்வாங்கினாலும் மாணாக்கன் பெறுவது கால் பங்குப் புலமையே. உடன் கற்பாரோடு பயில்வதால் இன்னொரு கால் பங்கு சேரும். எஞ்சிய அரைப் பங்கு, கற்றதைப் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதே நிறைவுறும். தமிழாசிரியர் அனைவரும் அறிந்த நூற்பாக்கள்தாம் இவை. எனினும் அவற்றின் வரிசைமுறையை நாம் போதிய அளவு கருதிப் பார்த்ததில்லை. உடன் கற்பாரோடு பயில்வது முன்னும், எடுத்துரைப்பது பின்னும் வைக்கப்பட்டுள்ளன. நம் வகுப்புகளிலோ எடுத்துரைப்பு முதலில் நிகழ்கிறது. நேரம் எஞ்சினால் இறுதிப் பத்து நிமிடம் கலந்துரையாடலுக்கு ஒதுக்கப்படுகிறது. பிறரோடு உசாவித் தெளியாத கருத்தே அவைக்கு வருகிறது.

ஐரோப்பாவின் இடைக்காலப் பல்கலைக்கழகங்களிலும் மாணவன் பேசியே தேற வேண்டியிருந்தது. ஒருவன் ஒரு கருத்தை நிலைநாட்டுவான். மறுப்பதற்கென்றே அமர்த்தப்பட்ட மற்றொருவன் அதனை எதிர்ப்பான். இறுதியில் ஆசிரியர் முடிவு கூறுவார். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் யோகான் மத்தியாஸ் கெஸ்னர் மொழிநூற் கருத்தரங்கை நிறுவினார். பள்ளிகளுக்குத் தேர்ந்த ஆசிரியர்களை உருவாக்குவதே அதன் முதன்மை நோக்கம் என்பது ஆசிரியப் பணியினராகிய நாம் நினைவிற்கொள்ளத்தக்கது. 1830களில் பெர்லினில் லியோபோல்ட் வான் ராங்கே தம் இல்லத்தில் நடத்திய வரலாற்றுப் பயிற்சிகளில் மாணவர் தம் ஆய்வைப் படிப்பர். அதன் சான்றுகள் அங்கேயே சோதிக்கப்படும். 1876இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வழி இம்முறை அமெரிக்காவில் வேரூன்றியது. இவை அனைத்திலும் எடுத்துரைப்பு என்பது சோதனைக்கு உட்படுவதாகும். மறுப்புக்கு இடமில்லாத எடுத்துரைப்பு ஒரு சிறு விரிவுரையே. அதிலும் விரிவுரையாளருக்கு உள்ள பயிற்சி இல்லாதவரின் விரிவுரை.

இம்முறைகள் வளர்ந்த காலத்தில் நாவல் வகுப்பறைக்கு வெளியே நின்றது. அது பொழுதுபோக்கு நூலாகவே கருதப்பட்டது. 1895இல் யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் லையன் ஃபெல்ப்ஸ் என்னும் இளம் ஆசிரியர் தற்கால நாவல்களை ஒரு பாடமாக்கியபோது செய்தித்தாள்கள் அதனைப் பெரிதுபடுத்தின. பல்கலைக்கழகத்து மூத்தோர் விரும்பவில்லை. அவர் மறு ஆண்டே அதனைக் கைவிட நேர்ந்தது. நாவல் வகுப்புக்குள் வந்த பின்னர் எழுந்த சிக்கல் வேறு. இலக்கண நூற்பாவுக்கு உரையாசிரியர் துணை உண்டு. கதைமாந்தரின் செயலுக்கு ஒவ்வொரு வாசகரும் ஒரு காரணம் கூறலாம். 1938இல் வெளிவந்த தம் நூலில் லூயிஸ் ரோசன்பிளாட் இதனை விரிவாக ஆராய்ந்தார். வாசகரின் உணர்விலிருந்தே தொடங்க வேண்டும் என்ற அவர், அவ்வுணர்வு மீண்டும் பனுவலின் சொற்களோடு ஒப்புநோக்கப்பட வேண்டும் என்றும் வலியுறுத்தினார். முற்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டவர்களே பலர்.

நம் நாட்டிற்கு வருவோம். 1949இல் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய இயல் துறை அமைந்தது. அதற்கு முன்னரே, 1950இல், தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினர். கல்லூரியை எட்டிப் பார்க்க வாய்ப்பில்லாத வாசகர்களுக்குச் சிறுகதையின் இயல்பைப் பயிற்றுவித்த முயற்சி அது. 1950களில் அதே நாளிதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமி கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் நடத்தி, இங்குள்ள எழுத்தாளர்களுடன் கதைகளை விவாதித்தார். தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. ஆயினும், நம் நாட்டில் புனைகதைக் கலந்துரையாடலின் வரலாற்றை எழுதுவோர் பல்கலைக்கழகத்தைவிட நாளிதழிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்போம்.

இன்றைய வகுப்புகளில் நாம் காண்பது யாது? ஒரு நாவல் ஐந்து குழுக்களுக்குப் பங்கிடப்படுகிறது. ஒரு குழு கதைச்சுருக்கம், மற்றொன்று பாத்திரப் படைப்பு, இன்னொன்று உத்தி எனப் பிரித்துக்கொள்கின்றன. பவர்பாயின்ட் திரையில் உள்ளதை ஒருவர் படிக்க, ஏனையோர் தம் முறைக்குக் காத்திருக்கின்றனர். நாவலை முழுதும் படித்த ஒருவர்கூட இல்லாமலே ஐந்து குழுக்களும் நல்ல மதிப்பெண் பெற்றுவிட முடியும். மாணவரைக் குறை கூறுவதில் பயனில்லை. மதிப்பீட்டு முறை கேட்பதைத்தான் அவர்கள் தருகின்றனர். ஒரு குழு எடுத்துரைக்கும்போது மற்றொரு குழுவை மறுத்துரைக்க முன்கூட்டியே அமர்த்தலாம். மறுப்பு ஒவ்வொன்றும் நாவலின் பக்க எண்ணைச் சுட்ட வேண்டும் என்று விதிக்கலாம். இதற்குப் பாடத்திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. தெளிவு, குரல், திரைக்காட்சி ஆகியவற்றுக்கு இடம் தரும் மதிப்பெண் படிவத்தில் வினா எழுப்பியவருக்கும் ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.