திணை ஒன்று, பால் இரண்டு

இளங்கலைத் தமிழில் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி முதுகலைக்குத் தத்துவம் எடுத்தாள். தி.நகர் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதும் அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. ஒரு வருஷம் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்த வருஷம் பாதி முடிந்திருந்தபோது, மயிலாப்பூரில் என் வீட்டுக்கு வந்து ஒளிநகல் கட்டு ஒன்றை மேசைமேல் போட்டாள். "பெண்ணுன்னா குறைப்பட்ட ஆண் மாதிரின்னு அரிஸ்டாட்டில் எழுதியிருக்காரும்மா. இவரைப் படிக்கவா நான் வீட்டோட சண்டை போட்டேன்?"

அவள் சொன்னது உண்மைதான். விலங்குகளின் பிறப்பு பற்றிய நூலில் அவர் அப்படித்தான் எழுதியிருக்கிறார். அவளைச் சமாதானப்படுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அந்தக் கதவருகே நின்ற முதல் பெண் அவளில்லை என்று மட்டும் சொன்னேன்.

ஏதென்ஸில் பிளேட்டோவிடம் படித்தவர்களில் மாண்டினேயாவின் லாஸ்தெனேயா, ஃப்ளியுஸ் ஊரின் ஆக்ஸியோதேயா என இரண்டு பெண்களின் பெயர்களை டயோஜெனிஸ் லயர்ஷியஸ் குறித்துவைத்திருக்கிறார். ஆக்ஸியோதேயா ஆணுடை அணிந்திருந்தார் என்றும் அதே குறிப்பு சொல்கிறது. தமிழ் படித்தவளுக்கு அடுத்து என்ன நினைவு வரும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "மணிமேகலை!" என்றாள். வஞ்சி மாநகரில் அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை ஒவ்வொருவரிடமும் அவரவர் சமயத்தின் பொருளை மணிமேகலை கேட்கிறாள். மந்திரத்தால் ஆண் துறவியின் வடிவெடுத்துத்தான் கேட்கிறாள். உலகம் எதனால் ஆனது என்று பெண்ணாக நின்று கேட்க முடியாது என்பதைச் சாத்தனாரும் அறிந்திருக்கிறார். காப்பியத்தின் கடைசிக் காதை 'பாவை நோற்ற காதை'. அங்கே அவள் பாவைதான்.

நம் ஊரின் கதவுகள் திறந்த வரலாறு மிகச் சமீபத்தியது. குழந்தை விதவையான சுப்பலட்சுமி 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். 1914இல் கடற்கரையில் இராணி மேரிக் கல்லூரி தொடங்கியது. அடுத்த ஆண்டு பெண்கள் கிறித்தவக் கல்லூரி. அதன் முதல் முதல்வர் எலினர் மெக்டூகல், லண்டன் வெஸ்ட்ஃபீல்டு கல்லூரியில் பெண்களுக்குக் கிரேக்க, லத்தீன் செவ்வியல் கற்பித்தவர். அப்போது கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்கவில்லை, கொடுத்தது 1948இல். நமக்கு அறிவு கொண்டுவந்ததாகச் சொல்லிக்கொண்ட நாட்டின் நிலைமை இது.

பிறகு கட்டைப் பிரித்தோம். மெட்டாஃபிசிக்ஸ் என்ற தலைப்பு அரிஸ்டாட்டில் வைத்ததல்ல, பின்னால் தொகுத்தவர்கள் வைத்தது. அவளுடைய வகுப்புக் குறிப்புகளில் நான்கு காரணங்கள் இருந்தன; பொருளும் வடிவமும் இருந்தன. முதல் நூலில் வரும் பிதகோரியரின் பட்டியல் ஓரமாக இருந்தது. பத்து எதிரிணைகள். ஒரு பக்கம் எல்லை, ஒற்றைப்படை, வலம், ஆண், ஒளி, நன்மை. மறுபக்கம் எல்லையின்மை, இரட்டைப்படை, இடம், பெண், இருள், தீமை. இதைப் படித்தவள் கோபப்படாமல் என்ன செய்வாள்?

பத்தாம் நூலின் ஒன்பதாம் பகுதி அந்தக் குறிப்புகளில் இல்லை. அங்கே அவர் ஒரு கேள்வி கேட்கிறார்: ஆணும் பெண்ணும் எதிர்மறைகள், எதிர்மறை என்பது வேறுபாடு, அப்படியென்றால் பெண் ஏன் ஆணிலிருந்து வேறோர் இனமாக இல்லை? எளிதாகத் தப்பிக்க வழியில்லை. கறுப்பும் வெளுப்பும் போல மேலே ஒட்டியது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் ஆண், பெண் என்பது உயிரினத்துக்கு உயிரினமாகவே உரியது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அவர் சொல்லும் விடை: அந்த வேறுபாடு உடலில், பொருளில் இருக்கிறது, என்னவாக இருக்கிறது என்ற வரையறையில் இல்லை. வெண்கல வட்டமும் மர வட்டமும் வட்டம்தான். ஒரே வித்துதான் ஆணாகவோ பெண்ணாகவோ ஆகிறது.

இங்கே கிரேக்கச் சொல் முக்கியம். ஐடொஸ் என்பதை ஆங்கிலம் ஓரிடத்தில் வடிவம் என்றும் வேறிடத்தில் இனம் என்றும் பிரித்துப் பெயர்க்கிறது. மூலத்தில் ஒரே சொல். ஐடொஸில் வேறுபாடில்லை என்றால், மனித வடிவம் பெண்ணிடம் குறைவாக இல்லை என்றும் ஆகிறது. அப்படியென்றால் 'குறைப்பட்ட ஆண்' எங்கிருந்து வந்தது?

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் தொல்காப்பியத்துக்கு வந்தோம். சொல்லதிகாரம் திணையை முதலில் பிரிக்கிறது, பிறகுதான் பால். மக்கள் எல்லாரும் உயர்திணை. ஆண்பாலும் பெண்பாலும் அதற்குள் வருபவை. இந்த இரண்டிலும் அடங்காத பேடிக்கும் அந்தத் திணையிலேயே இடமுண்டு. இலக்கணத்துக்காகச் செய்த பிரிவு, மெய்ப்பொருளியல் அல்லதான். ஆனாலும் அரிஸ்டாட்டில் அவ்வளவு சிரமப்பட்டு வந்து சேர்ந்த இடத்தில் நம் இலக்கணம் தொடங்குகிறது என்று எனக்குக் கொஞ்சம் பெருமை வந்தது. அவள் விடவில்லை. "பொருளதிகாரத்துல அச்சமும் நாணமும் மடமும் நமக்குன்னு ஒதுக்கினதும் அதே புத்தகம்தானேம்மா?"

ஆமாம். அங்கேயும் இப்படித்தான். ஒரு நூலில் கொடுத்ததை அரிஸ்டாட்டில் இன்னொரு நூலில் பிடுங்கிக்கொள்கிறார். தொல்காப்பியம் ஓர் அதிகாரத்தில் கொடுத்ததை அடுத்ததில். எதைக் கொடுத்தார்கள் என்று தெரியாமல், எதைப் பிடுங்கினார்கள் என்று எப்படி வழக்காடுவது? படிப்பை விட வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இது ஒன்றே காரணம்.

ஆய்வேட்டுக்கு அந்த ஒன்பதாம் பகுதியையே எடுத்திருக்கிறாள். அப்பா இன்னொரு வருஷம் கொடுத்திருக்கிறார், முழு மனதோடு இல்லை. போன வாரம் வந்தபோது கடைக் காலண்டர் தாளின் பின்புறத்தில் கிரேக்க எழுத்துகளை வரிசையாக எழுதிக் கொண்டுவந்திருந்தாள். நமக்கு இருப்பதுபோலவே எ, ஏ இரண்டுக்கும் அவர்களிடம் தனித்தனி எழுத்து இருக்கிறதாம்.