ஆண்ட்ராய்டு பீட்டா போட்டதும் 'யூசர்ஸ்' ஆப்ஷன் காணோமா? ரீசெட் கொடுக்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

வீட்டில் ஒரே போன் அல்லது டேப்லெட்டை இரண்டு மூன்று பேர் பயன்படுத்தினால், ஆளுக்கு ஒரு யூசர் கணக்கு வைத்துக்கொள்ளும் வசதி ஆண்ட்ராய்டில் இருக்கு. புது வெர்ஷன் எப்படி இருக்குன்னு பார்க்க பீட்டா இன்ஸ்டால் செய்த பிறகு, அந்த 'யூசர்ஸ்' பகுதியே செட்டிங்ஸில் தெரியவில்லை என்றால்?

முதலில் பதற வேண்டாம். மெனு கண்ணில் படவில்லை என்பதாலேயே உள்ளே இருக்கும் போட்டோ, ஃபைல் எல்லாம் அழிந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. ஆனால் அவசரப்பட்டு ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால், போனில் உள்ள எல்லா யூசர்களின் டேட்டாவும் போய்விடும்.

இது என்ன வசதி?

2012-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.2 வெர்ஷனில், டேப்லெட்களுக்கு மட்டும் இந்த வசதி அறிமுகமானது. 2014-ல் ஆண்ட்ராய்டு 5.0 மூலம் போன்களுக்கும் வந்தது. ஒவ்வொரு யூசருக்கும் தனி ஆப், தனி ஸ்டோரேஜ், தனி ஸ்கிரீன் லாக். போனின் ஓனரே ஆனாலும் இன்னொரு யூசரின் போட்டோக்களைத் திறந்து பார்க்க முடியாது.

வரிசையாக இதைச் செய்து பாருங்க

1. செட்டிங்ஸின் மேலே உள்ள சர்ச் பாரில் 'யூசர்ஸ்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்க. பீட்டாவில் மெனுக்கள் இடம் மாறுவது சகஜம். பிக்சல் போன்களில் பொதுவாக 'சிஸ்டம்' பகுதிக்குள் இது இருக்கும்.

2. 'அலோ மல்டிபிள் யூசர்ஸ்' ஸ்விட்ச் ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்க. ஆஃபில் இருந்தால் வேறு யூசருக்கு மாற முடியாது.

3. இப்போது யாருடைய கணக்கில் இருக்கீங்க? கெஸ்ட் அல்லது இரண்டாவது யூசராக இருந்தால் சில ஆப்ஷன்கள் வராது. ஓனர் கணக்குக்கு மாறிப் பாருங்க.

4. ஆபீஸில் கொடுத்த போனா? புது யூசரைச் சேர்க்க முடியாதபடி நிறுவனமே தடை போட்டிருக்கலாம். ஆபீஸ் ஐடி டீமிடம்தான் கேட்க வேண்டும்.

5. உங்க மாடலில் இந்த வசதி முதலில் இருந்ததா? இதைக் கொடுப்பதா வேண்டாமா என்பது போன் தயாரிக்கும் நிறுவனத்தின் முடிவு. உதாரணமாக, சாம்சங் டேப்லெட்களில் இது உண்டு. பெரும்பாலான சாம்சங் போன்களில் கிடையாது.

6. எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்க. பிறகு 'சிஸ்டம் அப்டேட்' பகுதியில் புது பீட்டா அப்டேட் வந்திருக்கிறதா என்று பாருங்க.

பிரைவேட் ஸ்பேஸ் காணவில்லையா?

2024-ல் ஆண்ட்ராய்டு 15-உடன் வந்த வசதி இது. ஓனர் கணக்கில் மட்டுமே வேலை செய்யும். 'லாக் ஆகும்போது மறை' என்ற ஆப்ஷனை நீங்களே ஆன் செய்து வைத்திருந்தால், ஆப் லிஸ்ட்டில் தெரியாது. ஆப் லிஸ்ட்டின் சர்ச் பாரில் 'பிரைவேட் ஸ்பேஸ்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் வந்துவிடும்.

பீட்டாவே வேண்டாம் என்றால்?

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பிக்சலில் பீட்டா திட்டத்திலிருந்து விலகினால், பழைய வெர்ஷனுக்குத் திரும்புவதற்கான அப்டேட் ஒன்று போனுக்கு வரும். அதை இன்ஸ்டால் செய்தால் போனில் உள்ள மொத்த டேட்டாவும் அழியும். பீட்டாவில் எடுத்த பேக்கப் பழைய வெர்ஷனில் ரீஸ்டோர் ஆகாமல் போகவும் வாய்ப்பு இருக்கு.

டேட்டா போகாமல் வெளியேற வழி உண்டு. பீட்டாவிலிருந்து விலகிவிட்டு, அந்த அப்டேட்டை மட்டும் இன்ஸ்டால் செய்யாமல் விடுங்க. அந்த பீட்டாவின் இறுதி வெர்ஷன் எல்லோருக்கும் வெளியாகும்போது அதை இன்ஸ்டால் செய்தால், டேட்டா அப்படியே இருக்கும்.

மறக்கக் கூடாதது

எந்த முடிவு எடுப்பதாக இருந்தாலும், ஒவ்வொரு யூசரும் தங்கள் கணக்குக்குள் போய் முக்கியமான போட்டோ, ஃபைல்களை கம்ப்யூட்டரிலோ கிளவுடிலோ காப்பி எடுத்து வைப்பது அவசியம். யூசர் மாறவே முடியவில்லை என்றால் எதையும் அழிக்காமல் அடுத்த அப்டேட் வரை காத்திருங்க.

பிக்சல் பீட்டாவில் 'ஆண்ட்ராய்டு பீட்டா ஃபீட்பேக்' என்ற ஆப் இருக்கும். போன் மாடல், பில்டு நம்பர், எந்த ஆப்ஷன் காணவில்லை என்ற விவரங்களோடு அதில் புகார் அனுப்பலாம். இனிமேல் பீட்டா போட்டுப் பார்க்க ஆசை வந்தால், பலர் பயன்படுத்தும் போனில் வேண்டாம். சும்மா கிடக்கும் இன்னொரு போன் இருந்தால் அதில் போட்டுப் பாருங்க!