முதலில் பந்தி!

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர், பெருமாளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் சுவரைத்தான் பார்க்கிறார்கள். பராந்தக சோழன் காலத்துச் சுவர்க் கல்வெட்டுகள். கி.பி. 919-ல் ஒன்று, 921-ல் ஒன்று. குடவோலைத் தேர்தல் சங்கதி எல்லாம் நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். முப்பது குடும்பு, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய ஓலைகள், குடத்துக்குள் கைவிட்டு எடுக்க ஒரு சின்னப் பையன்.

யார் நிற்கலாம் என்பதற்கும் விதி இருக்கிறது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். யார் நிற்கக் கூடாது என்ற பட்டியல்தான் இன்னும் சுவாரஸ்யம். பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது. அவன் மட்டுமல்ல, அவன் சொந்தக்காரர்களும் நிற்க முடியாது! (இன்றைக்கு அந்த விதியைக் கொண்டுவந்தால் எத்தனை தொகுதி காலியாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.) அதே பட்டியலில் இன்னொரு ஆளும் இருக்கிறான். சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டவன். பரிகாரம் செய்து சுத்தமாகிவிட்டாலும் ஆயுசு முழுக்க அவன் பெயர் ஓலையில் ஏறாது.

பெருமையாகப் பேசும்போது இந்த வரியை நாம் மெல்லத் தாண்டிப் போய்விடுகிறோம். அது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊர், அவர்களுடைய சபை, அந்தக் காலத்து ஒழுங்கு. அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மனிதன் ஊர்க் காரியத்தில் உட்காரலாமா கூடாதா என்பதை அவன் சாப்பாடும் தீர்மானித்தது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து ஒரே தாவாகப் பஞ்சாபுக்குப் போவோம். சுமார் அறுநூறு வருஷம் கழித்து.

குரு நானக் (1469 - 1539) தொடங்கியதும் சீக்கிய மதம் இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுமான பழக்கம் லங்கர். பொதுச் சமையல், பொதுச் சாப்பாடு. எல்லோரும் தரையில் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். மூன்றாவது குரு அமர்தாஸ் இதை இன்னும் இறுக்கினார். 'என்னைப் பார்க்க வந்தாயா? முதலில் போய் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடு, பிறகு வா' என்பது அவர் ஏற்பாடு. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்கிறவனுக்குக் குரு தரிசனம் கிடையாது. அக்பர் பாதுஷாவே கோயிந்த்வாலில் அப்படி உட்கார்ந்து சாப்பிட்டதாகச் சீக்கியர்கள் சொல்வார்கள்.

அந்த வரிசைக்குப் பஞ்சாபியில் என்ன பேர் தெரியுமா? பங்கத். நம் ஊர்க் கல்யாண வீட்டில் 'முதல் பந்தி ஆயிடுச்சா?' என்கிறோமே, அதே பந்தி. இரண்டும் 'பங்க்தி' என்ற ஒரே சம்ஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தவை. இங்கே முதல் பந்தி யாருக்கு, கடைசிப் பந்தி யாருக்கு, பந்திக்கே வரக் கூடாதவர் யார் என்பதில் நமக்குப் பல நூற்றாண்டு அனுபவம். அவர்கள் அதே வார்த்தையை எடுத்துத் தலைகீழாகப் புரட்டிவிட்டார்கள்.

இந்தப் பங்கத் ஒருமுறை தெற்கே புறப்பட்டு வந்தது. 1924-ல். வைக்கத்துக்கு.

வைக்கம் கதை உங்களுக்குத் தெரியும். மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவர், புலையர் முதலியவர்கள் நடக்கக் கூடாது. கோயிலுக்குள் நுழைவதில்லை, வெறும் தெருவில் நடப்பது! 1924 மார்ச் 30-ம் தேதி மூன்று பேர் நடக்கப் போனார்கள், கைதானார்கள். தினமும் அப்படியே. தலைவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போக, ஏப்ரல் 13-ம் தேதி ஈரோட்டிலிருந்து ஈ.வெ.ரா. வந்து சேர்ந்தார்.

அந்த ஏப்ரல் கடைசியில் தலைப்பாகையும் தாடியுமாக ஒரு சின்னக் கூட்டம் வந்திறங்கியது. பஞ்சாபின் அகாலிகள். பேச வரவில்லை. அடுப்பு மூட்டினார்கள். சத்தியாக்கிரகிகளுக்கும் வந்து உட்காருகிற எவருக்கும் இலவசச் சாப்பாடு. கேரளத்துக்குச் சப்பாத்தியே அந்த அடுப்பிலிருந்துதான் அறிமுகமானது என்று இன்றும் அங்கே ஒரு பேச்சு உண்டு.

ஏற்பாட்டின் பின்னால் இருந்தவர் திருவிதாங்கூர்க்காரரான கே.எம். பணிக்கர். அப்போது காங்கிரஸ் சார்பில் அமிர்தசரஸில் இருந்தார். (அதே 1924-ல் அகாலிகளின் முயற்சியில் 'ஹிந்துஸ்தான் டைம்ஸ்' தொடங்கியபோது முதல் ஆசிரியரும் அவரே.) ஆள் அனுப்பிய அகாலிகள் ஒன்றும் சௌகரியமாக உட்கார்ந்திருக்கவில்லை. குருத்வாராக்களை மகந்துகளிடமிருந்து மீட்கும் போராட்டத்தில் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். 1923 அக்டோபரில் அரசாங்கம் அவர்களுடைய சிரோமணி கமிட்டியையே சட்டவிரோதம் என்று அறிவித்திருந்தது. 1924 பிப்ரவரியில் ஜெய்தோவில் துப்பாக்கிச் சூடு. அது நடந்து சுமார் இரண்டே மாதம் ஆன நிலையில், முன்பின் தெரியாத ஓர் ஊரின் தெருவுக்காக வந்து அடுப்பு மூட்டியவர்கள் அவர்கள்.

யார் தடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? வைதீகர்கள் முகம் சுளித்தார்கள், சரி. தடுத்தது மகாத்மா காந்தி.

'யங் இந்தியா'வில் எழுதினார். இது இந்துக்கள் செய்த பாவம், இந்துக்களே கழுவ வேண்டும், வெளியார் இதில் நுழையக் கூடாது என்பது அவர் வாதம். இதே காரணத்தைச் சொல்லி, கிறிஸ்தவரான ஜார்ஜ் ஜோசப்பையும் அவர் விலகியிருக்கச் சொல்லியிருந்தார். சத்தியாக்கிரகி பிறர் போடும் சோற்றை ஏன் எதிர்பார்க்க வேண்டும், உள்ளூர் ஜனங்களே ஆதரிக்க வேண்டாமா என்றும் கேட்டார். சீக்கியர் சமையல்கூடம் ஏற்கனவே பயந்துபோயிருக்கும் வைக்கத்து இந்துக்களை இன்னும் மிரட்டும் என்பது அவர் கணக்கு.

காந்தியின் வாதத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. உள்ளூர் மனசு மாறாமல் தெரு திறந்து என்ன பயன்? ஆனால் எனக்கு ஒரு கேள்வி இடிக்கிறது. அந்தத் தெருவில் நடக்க முடியாத புலையர் பையனுக்கு யார் உள்ளூர், யார் வெளியார்? கூட உட்கார்ந்து சாப்பிட ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்தவனா, கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு விரட்டுகிறவனா?

ஜூன் மாதம் அடுப்பு அணைந்தது. அகாலிகள் திரும்பிப் போனார்கள். பஞ்சாப்காரர்கள் வந்ததையும் காந்தியின் எழுத்துக்குப் பிறகு போனதையும் பெரியார் பல வருஷம் கழித்தும் தன் பேச்சில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சொல்லாமல் எப்படி இருப்பார்? ஊர் திரும்பினால் அங்கேயும் பந்திப் பிரச்னை! சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய தேசிய குருகுலம். காங்கிரஸ் நன்கொடை பெற்றது. அதில் பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு. கைத்துப்பாக்கி, புரட்சி என்று லண்டன், பாரிஸ் எல்லாம் பார்த்தவர் ஐயர். அப்பேர்ப்பட்டவரால் ஒரு சாப்பாட்டு வரிசையைச் சரிசெய்ய முடியவில்லை. தமிழ்நாடு காங்கிரஸே இதில் இரண்டுபட்டது. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப்போய் ஐயர் உயிரைவிட்டது தனிச் சோகம்.

கசப்பு மட்டும் தீரவில்லை. அந்த நவம்பரில் காஞ்சிபுரத்தில் திரு.வி.க. தலைமையில் மாகாண காங்கிரஸ் மாநாடு. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள மறுத்ததும் ஈ.வெ.ரா. வெளிநடப்புச் செய்தார். அதற்கப்புறம் அவர் காங்கிரஸுக்குத் திரும்பவில்லை. அதே மாதம்தான் வைக்கத்தில் கோயிலின் மூன்று பக்கத் தெருக்கள் எல்லோருக்கும் திறந்தன. கிழக்குத் தெரு மட்டும் அப்போதும் மூடியே இருந்தது.

1925-ல் பஞ்சாபில் இன்னொன்றும் நடந்தது. குருத்வாரா சட்டம் வந்தது. சிரோமணி கமிட்டிக்குத் தேர்தல். ஓட்டுப் போட வேதமும் வேண்டாம், நிலமும் வேண்டாம். பெண்களுக்கும் ஓட்டு. உத்திரமேரூர்ச் சுவரை அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

சென்னையில் தி.நகர் ஜி.என். செட்டி ரோட்டில் ஒரு குருத்வாரா இருக்கிறது. பிரிவினைக்குப் பிறகு இந்த ஊருக்கு வந்து தங்கிய பஞ்சாபிகள் எழுப்பியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரமே திணறியபோது அங்கே சமைத்து மூழ்கிய பகுதிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நீங்களும் ஒருநாள் போய்ப் பார்க்கலாம். செருப்பைக் கழற்றி, தலையில் கர்சீப்பைக் கட்டிக்கொண்டு, வரிசையில் இடம் இருக்கிற இடத்தில் உட்கார வேண்டியதுதான். பேர், ஊர் கேட்கமாட்டார்கள். ரொட்டி வரும்போது மட்டும் இரண்டு கையையும் நீட்டி வாங்க வேண்டும்.