இந்திய உச்ச நீதிமன்றம்

இந்தியாவின் இறுதி மேல்முறையீட்டு மன்றம் உச்ச நீதிமன்றம். அரசியலமைப்புச் சட்டத்துக்கு முடிவான பொருள் சொல்லும் அதிகாரமும் குடிமக்களின் அடிப்படை உரிமைகளைக் காக்கும் பொறுப்பும் அதற்கு உரியவை. பிரிட்டிஷ் ஆட்சியில் 1937 முதல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று இயங்கியது. ஆனால் கடைசிச் சொல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலிடமே இருந்தது. குடியரசு பிறந்து இரண்டு நாள் கழித்து, 1950 ஜனவரி 28 அன்று, நாடாளுமன்றக் கட்டடத்தின் ஒரு கூடத்தில் உச்ச நீதிமன்றம் தன் பணியைத் தொடங்கியது. திலக் மார்க்கில் உள்ள இப்போதைய கட்டடத்துக்கு 1958இல் வந்தது. முதல் தலைமை நீதிபதி ஹரிலால் கனியா. அவருக்கு அடுத்தவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற எம். பதஞ்சலி சாஸ்திரி.

இங்கு வரும் வழக்குகளில் பெரும்பாலானவை 136ஆவது பிரிவின் கீழ்த் தாக்கலாகும் சிறப்பு அனுமதி மனுக்கள். கீழ் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்பவை இவை. பெரும்பாலும் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு இவற்றைக் கேட்கிறது. பல மனுக்கள் சில நிமிட வாதத்திலேயே தள்ளுபடியாகின்றன. மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும், அல்லது மாநிலங்களுக்கு இடையே எழும் சட்டத் தகராறுகள் 131ஆவது பிரிவின்படி நேராக இங்கேயே தொடங்குகின்றன. அரசியலமைப்புக்குப் பொருள் காணும் முக்கிய வழக்கைக் குறைந்தது ஐந்து நீதிபதிகள் விசாரிக்க வேண்டும். அதுவே அரசியல் சாசன அமர்வு. இந்நீதிமன்றம் வகுத்துச் சொல்லும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும்.

32ஆவது பிரிவு

அடிப்படை உரிமை பறிக்கப்பட்டவர் உச்ச நீதிமன்றத்தை நேராக அணுகலாம் என்கிறது 32ஆவது பிரிவு. இதன் சிறப்பு, அப்படி அணுகுவதையே ஓர் அடிப்படை உரிமையாக்கியதில் இருக்கிறது. அம்பேத்கர் இதை அரசியலமைப்பின் இதயமாகவும் ஆன்மாவாகவும் கருதினார். சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டவரை விடுவிக்க ஆட்கொணர்வு ஆணை, கடமையைச் செய்யாத அதிகாரியைச் செய்ய வைக்கும் ஆணை, எந்தத் தகுதியில் பதவியில் இருக்கிறாய் என்று வினவும் ஆணை எனப் பல நீதிப்பேராணைகளை (ரிட்) நீதிமன்றம் பிறப்பிக்கலாம். உயர் நீதிமன்றங்களுக்கும் 226ஆவது பிரிவு இந்த அதிகாரத்தை வழங்குகிறது. அங்கே அடிப்படை உரிமை தவிர்த்த பிற சட்ட உரிமைகளுக்காகவும் ரிட் மனு போடலாம்.

இந்தப் பிரிவின் வலிமையை முதலில் சோதித்தவை சென்னை மாகாணத்தில் பிறந்த வழக்குகள். பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று சென்னை அரசு தடை போட்டது. இதழாசிரியர் ரொமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் சென்றார். முதலில் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. பதஞ்சலி சாஸ்திரி எழுதிய 1950 மே மாதத் தீர்ப்பு அதை ஏற்கவில்லை. உரிமைகளுக்கு இந்த நீதிமன்றமே உத்தரவாதம் அளிக்கும் காவலன், அதைத் தேடி வருபவரைத் திருப்பி அனுப்புவது கடமை தவறுவதாகும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. தடை நீங்கியது. இன்றோ 32ஆவது பிரிவில் வரும் மனுதாரர்கள் பலரிடம் உயர் நீதிமன்றத்துக்குப் போகுமாறு சொல்லப்படுகிறது. நிலுவை வழக்குகள் 80 ஆயிரத்தைத் தாண்டிவிட்ட நிலையில் இதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. ஆனாலும் 1950இல் அளித்த வாக்குறுதி இதனால் சுருங்கிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

உயிரும் சுதந்திரமும்

அதே 1950 மே மாதத்தில், சென்னை மாகாணச் சிறையில் தடுப்புக்காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தோற்றார். சட்டம் வகுத்த நடைமுறைப்படி ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கலாம் என்கிறது 21ஆவது பிரிவு. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று இருந்தால் போதும், அந்த நடைமுறை நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்காது என்பதே பெரும்பான்மையினரின் முடிவு. நீதிபதி ஃபசல் அலி மட்டும் பரந்த பொருள் கண்டு மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

இந்தக் குறுகிய பார்வைக்குப் பக்கத்தில் இன்னொரு காவல் எழுந்தது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு, 7க்கு 6 என்ற கணக்கில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் திருத்தம் மூலமும் அழிக்க முடியாது என்றது. ஆனால் மூன்றே ஆண்டுகளில் நீதிமன்றம் தன் வரலாற்றின் மிகத் தாழ்ந்த புள்ளிக்கு இறங்கியது. நெருக்கடி நிலையின்போது சிறைப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போடலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் துணிந்து சொல்லியிருந்தன. அந்தக் கதவை 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அடைத்தது. மாறுபட்ட அந்த ஒருவர் எச்.ஆர். கன்னா. மறு ஆண்டு அவரைத் தாண்டி இளையவர் ஒருவர் தலைமை நீதிபதியாக்கப்பட, கன்னா பதவி விலகினார்.

திருத்தம் இரண்டு வழிகளில் வந்தது. 1978இன் 44ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21ஆவது பிரிவுகளை நிறுத்தி வைக்க முடியாதபடி செய்தது. அதே ஆண்டு, கடவுச்சீட்டு முடக்கப்பட்ட மேனகா காந்தியின் வழக்கில், சட்ட நடைமுறை நேர்மையானதாகவும் நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1976 தீர்ப்பு வெளிப்படையாக ரத்தானது 2017இல், அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்த ஒன்பது நீதிபதிகளின் தீர்ப்பில்தான். 1976இல் பெரும்பான்மையில் இருந்த ஒய்.வி. சந்திரசூட்டின் மகன் டி.ஒய். சந்திரசூட் அதில் முதன்மையான தீர்ப்புரையை எழுதினார். ஒரு பிழையைச் சொல்லித் திருத்த 41 ஆண்டுகள் ஆயின.

பொதுநல வழக்கு

பாதிக்கப்பட்டவர்தான் வழக்குப் போட வேண்டும் என்ற பழைய விதியை 1970களின் இறுதியில் வி.ஆர். கிருஷ்ணய்யர், பி.என். பகவதி ஆகிய நீதிபதிகள் தளர்த்தினர். தில்லி திகார் சிறைக் கைதி ஒருவர், சக கைதிக்கு நேர்ந்த சித்திரவதை பற்றி எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. பீகார் சிறைகளில், குற்றம் உறுதியானால் கிடைக்கக்கூடிய தண்டனையைவிட நீண்ட காலம் விசாரணைக் கைதிகளாக வாடியவர்களின் நிலை, 1979இல் ஹுசைனாரா கத்தூன் வழக்கின் வழியாக வெளிவந்தது. விரைவான விசாரணை 21ஆவது பிரிவுக்குள் அடங்கிய உரிமை என்ற தீர்ப்பு அங்கிருந்து பிறந்தது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 1997இல் விசாகா வழக்கில் நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. நாடாளுமன்றச் சட்டம் 2013இல்தான் வந்தது. டி.கே. பாசு வழக்கு, கைது செய்யும் காவலர் பெயர்ப்பட்டை அணிய வேண்டும், கைதுக் குறிப்பில் நேரம் பதிய வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று வரையறுத்தது. ஆனால் 2020இன் சாத்தான்குளம் காவல் மரணங்கள் காட்டியபடி, தில்லியில் எழுதிய நெறிமுறை ஊர்க் காவல் நிலையத்தில் தானாக உயிர் பெறுவதில்லை. அந்த வழக்கைத் தானே முன்வந்து எடுத்து அதிகாரிகளை உடனே அனுப்பியது பக்கத்தில் இருந்த, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான்.

நீதிபதிகள்

நீதிபதிகளின் எண்ணிக்கை தொடக்கத்தில் எட்டு. 2019இல் 34ஆக உயர்த்தப்பட்டது. ஓய்வு வயது 65. தலைமை நீதிபதியும் மூத்த நால்வரும் சேர்ந்த கொலீஜியம் பெயர்களைப் பரிந்துரைக்கிறது. இந்த முறைக்கு மாற்றாக வந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை 2015இல் நீதிமன்றமே செல்லாது என்றது. அரசின் பிடியிலிருந்து நியமனம் விலகியிருப்பது நல்லதே. ஆனால் மூடிய அறைக்குள் நடக்கும் தேர்வுக்குக் காரணம் கேட்க மக்களுக்கு வழியில்லாதது பெருங்குறை. முதல் பெண் நீதிபதி, பிற்காலத்தில் தமிழக ஆளுநராக இருந்த எம். பாத்திமா பீவி, 1989இல்தான் வந்தார்.

அணுகும் வழி

இங்கே வழக்குத் தாக்கல் செய்யத் தனித் தேர்வில் தேறிப் பதிவு பெற்ற வழக்கறிஞர்களுக்கே உரிமை உண்டு. கட்சிக்காரர் தாமே வாதாடவும் இடமுண்டு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோர், வருமானம் எதுவானாலும், உச்ச நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு மூலம் கட்டணமின்றி வழக்கறிஞர் பெறலாம். நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. அண்மை ஆண்டுகளில் தீர்ப்புகள் சில தமிழிலும் மொழிபெயர்க்கப்படுகின்றன. தலைமை நீதிபதி விரும்பினால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு, தில்லிக்கு வெளியிலும் அமர்வு நடத்த 130ஆவது பிரிவு இடம் தருகிறது. சென்னையில் ஒரு கிளை வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை.